காகித மாலை போட்ட ராஜா

எங்கள் எஸ்டேட்டில் மல்லிகை பூக்காது. நட்டுப் பார்க்காத வீடு கிடையாது. மழை வந்தால் வேர் அழுகும், மழை நின்றால் பனி வந்து மொட்டைக் கருக்கும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் கம்பத்திலிருந்து குமுளி வழியாக வரும் முதல் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். வாழை இலையில் கட்டி, ஈரச் சாக்கைச் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து வண்டிப்பெரியாருக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து ஜீப்பில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறி வருவதற்குள் பாதி வாடிவிடும். அந்த வாடிய பூவுக்கும் சண்டை நடக்கும். அதனால், நாடகத்தில் ராஜகுமாரன் ராஜகுமாரிக்குத் தினம் தினம் மல்லிகை அனுப்புகிறான் என்று நாடக வாத்தியார் கதை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் என்ன கம்பத்து பஸ் முதலாளியா என்று கேட்டு வைத்தேன். வாத்தியாருக்கு அன்றிலிருந்தே என்னைப் பிடிக்காது.

நாடகம் என்பது மாசி மாதம் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் போடுவது. எழுபதுகளின் நடுவில் எங்களுக்கு இருந்த பெரிய வேடிக்கை அதுதான். சினிமா பார்க்க ஊருக்கு இறங்க வேண்டும், திரும்பி வர வண்டி இருக்காது. மலைக்குக் கீழே ஊர்நாட்டில் விடிய விடிய நாடகம் நடக்குமாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பொழுது சாய்ந்தால் யானை வரும். ஆகவே மத்தியானச் சோறு உண்டதும் தொடங்கி, விளக்கு வைப்பதற்குள் ராஜகுமாரனுக்குக் கல்யாணத்தை முடித்து எல்லோரும் வீடு சேர்ந்துவிட வேண்டும்.

கதை வருஷா வருஷம் ஒன்றுதான். பக்கத்து நாட்டு ராஜகுமாரன் பூக்காரன் வேஷத்தில் அந்தப்புரத் தோட்டத்துக்குள் புகுந்துவிடுவான். ராஜகுமாரிக்குத் தினம் ஒரு பூவாகத் தோழியிடம் கொடுத்தனுப்புவான். அவள் அதைத் தலையில் சூடினால் சம்மதம். கையிலேயே வைத்திருந்தால் யோசிக்கிறாள். கீழே போட்டால் போ என்று அர்த்தம். நடுவில் ராஜகுமாரியின் கோபக்கார அப்பா, ஒரு கத்திச் சண்டை, ஒரு கோமாளி. கடைசியில் இருவரும் மாலை மாற்றிக்கொள்வார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான கதை. ஆனாலும் அந்த மாலை மாற்றும் கட்டம் வரும்போது மூக்கைச் சிந்தாத பெண் இருக்க மாட்டாள்.

ராஜகுமாரி வேஷத்தை வெகுகாலம் ஓர் ஆண்தான் கட்டினார். டீ பாக்டரியில் மூட்டை தைப்பவர். அந்த வருஷம் அவர் மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் மழித்த முகத்தோடு எப்படிச் சம்பந்தி வீட்டுக்குப் போவது என்று அவர் மனைவி பிடித்துக்கொண்டாளாம். வேறு ஆண்கள் யாருக்கும் அந்த இடுப்பு வளைவு வரவில்லை. முதல்முறையாக ஒரு பெண்ணையே போடலாம் என்று பேச்சு எழுந்தது. எட்டாவது வரை படித்திருந்தேன், வசனத்தைக் காகிதத்தில் பார்த்துப் படிக்கத் தெரியும், குரலும் கொஞ்சம் தூக்கல். என்னைக் கேட்டார்கள். அப்பா சரி என்றார். அம்மாதான் குதித்தாள்.

"ஏட்டி, வைகாசில கல்யாணத்த வச்சுக்கிட்டு ஒனக்குக் கூத்து கேக்குதாக்கும்?"

வைகாசியில் எனக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்த அத்தை மகன். அவனை நான் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்ததுண்டு. அதற்குப் பிறகு அவன் எப்படி இருப்பான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். ஒரு நிபந்தனை போட்டார்.

"பிள்ள நடிக்கட்டும். ஆனா மாலை மட்டும் காயிதப் பூவுல இருக்கணும். அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா. வெளையாட்டுக் கெடையாது."

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆட்கள் இரண்டு வகை. மேல் லயத்தில் நாங்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கீழ் லயத்தில் மதுரைப் பக்கத்து ஆட்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே கடையில் அரிசி வாங்கினோம், ஒரே காட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தோம். கல்யாணம் என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஊரும் சாதியும் ஞாபகம் வந்துவிடும். மேலிருந்து கீழே பெண் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு லயமும் ஒரே கட்சி. அம்மன் பார்வையில் ஓர் ஆணும் பெண்ணும் பூமாலை மாற்றிக்கொண்டால் அது கல்யாணம். தாலியை ஆறப்போட்டுக் கட்டிக்கொள்ளலாம், மாலையைத் திருப்பி எடுக்க முடியாது. எங்கள் மேடை கோயிலுக்கு நேர் எதிரே இருந்தது. நாடகமே அம்மன் பார்ப்பதற்காகத்தான் என்பதால் கோயில் நடையையும் திறந்தே வைத்திருப்பார்கள். மீசைக்காரர் ராஜகுமாரியாக இருந்தவரை நிஜப் பூவிலேயே மாலை கட்டினார்கள். அவரைக் கட்டிக்கொள்ளும்படி யாரும் ராஜகுமாரனைக் கேட்கப் போவதில்லையே.

காகித மாலையை லயத்துப் பெண்கள் கட்டினார்கள். ரோஸும் மஞ்சளுமாக வண்ணத்தாள் வெட்டி, மைதாப் பசை ஒட்டி, நடுநடுவே ஜிகினா வைத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் போனால் பசை நாற்றம் அடித்தது.

ராஜகுமாரன் வேஷம் கட்டியவரை எல்லோரும் ராஜா என்றுதான் சொல்வோம். அவர் கீழ் லயத்துக்காரர். கொழுந்து எடை போடும் கொட்டகையில் வேலை. நாங்கள் சாக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தராசில் மாட்டி எடை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை, அதற்கே அவருக்கு ஒரு யுகம் ஆகும். முள்ளைப் பார்ப்பார், சாக்கைப் பார்ப்பார், நம்மைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். பின்னால் சுமையோடு நிற்கிற பெண்கள் வைவார்கள்.

"ஏய்யா, முள்ளப் பாத்துச் சொல்லுறதுக்கு நல்ல நேரம் பாக்கணுமோ?"

அவர் அதற்கும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பார். பயந்த ஆள் இல்லை. ஒருமுறை சூப்பர்வைசர் ஒரு கிழவியின் எடையைக் குறைத்து எழுதச் சொன்னபோது, வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல சார், முள்ளு சொன்னதுதான்" என்றாராம். பேச்சு வருவதற்கு நேரம் ஆகும், வந்த பேச்சு மாறாது. ஒத்திகையில் வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். நான் என் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு நின்றால், அவருடைய வசனம் வருவதற்குள் எனக்குக் கால் வலிக்கும். "சொல்லித் தொலைங்களேன்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பேன். எனக்குப் பிறந்ததிலிருந்தே பொறுமை கிடையாது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கும்வரை நிற்க முடியாமல் போய்த் தீயை ஊதிவிடுகிற ஆள் நான்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ஒத்திகையில்தான். நாடகத்தில் அவர் அனுப்பும் பூவுக்கு, ஒத்திகைக்காகத் தோழி வேஷக்காரர் ஒரு தேயிலை இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டுவார். ஒருநாள் தேயிலைக்குப் பதில் நிஜமாகவே ஒரு டேலியாப் பூ வந்தது. இவ்வளவு பெரிய பூ, கருஞ்சிவப்பு. துரை பங்களாத் தோட்டத்தில்தான் அது உண்டு. எப்படிப் பறித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராஜகுமாரி முதல் பூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். நான் அதை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டேன். வாத்தியார் கத்தினார், "இப்பவே சம்மதிச்சிட்டா மிச்சக் கதைய எங்கம்மா கொண்டு போய் வைக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் என் கொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எடைக் கொட்டகையில் என் சாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஏதாவது ஒரு பூ இருக்கும். ஓடையோரம் முளைக்கும் காசித்தும்பை, வேலியோரத்துப் பன்னீர் ரோஜா, ஒன்றும் கிடைக்காத நாளில் பெயர் தெரியாத காட்டுப் பூ. மறுநாள் காலையில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகை வழியாக நடப்பேன். வாடிய பூவை வைத்திருக்கிறாளே என்று பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அந்த நாட்களில் தரையில் கால் பாவவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாசி நெருங்க நெருங்க வைகாசியும் நெருங்கியது. அத்தை வீட்டிலிருந்து பட்டு எடுக்கப் போவதாகச் சேதி வந்தது. வீட்டில் பேசினால் அப்பா அரிவாளைத் தூக்குவார் என்று சொல்ல மாட்டேன், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அழுவார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒத்திகை இடைவேளையில் பாக்டரிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் அவரிடம் சொன்னேன்.

"காயித மாலைக்குப் பதிலா நெசப் பூவ மாத்தி வச்சிட்டா என்ன? அம்மன் முன்னாடி விழுந்த மாலைய ஒருத்தராலயும் கழட்டச் சொல்ல முடியாதுல்லா?"

அவர் யோசித்தார். விறகில் ஊர்ந்த ஓர் எறும்பு மேலே ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்து எழுந்துவிட்டேன்.

"ரெண்டு மாலை வேணும்ல, புள்ள" என்றார்.

அதுதான் அவர் சம்மதம் சொன்ன விதம். நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

திருவிழா அன்று அவர் முதல் பஸ்ஸுக்கு வண்டிப்பெரியாருக்கு இறங்கிப் போய் ஈரச் சாக்கு ஒன்றோடு திரும்பி வந்தார். மல்லிகையும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய இரண்டு மாலைகள். மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டும் மறைப்பில் இரண்டு பித்தளைத் தட்டுகளில் காகித மாலைகளைத் துணி மூடி வைத்திருந்தார்கள். நான் என் தட்டிலிருந்த காகிதத்தை எடுத்துவிட்டு நிஜ மாலையை வைத்து மூடினேன். அவரும் தன் தட்டில் அப்படியே செய்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண் முன்னால்தான் செய்தார். எடுத்த காகித மாலைகளைத் திரைக்குப் பின்னால் இருந்த டிரங்குப் பெட்டி மேல் போட்டோம். அங்கே போட்டதுதான் தப்பு. அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

நாடகம் நன்றாகத்தான் போனது. அவருடைய தாமதமான பேச்சைச் சனங்கள் ராஜ கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் வாய் திறக்கும் முன் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பொழுது சாயத் தொடங்கியபோது கடைசிக் கட்டம் வந்தது. தோழி தட்டுகளோடு வந்து நின்றார். நான் துணியை விலக்கி மாலையை எடுத்தேன். எடுத்த உடனே மணம் கிளம்பிவிட்டது. மறைத்து வைத்த மல்லிகை திறந்ததும் அப்படித்தான் வீசும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்தார்கள். அம்மா எழுந்துவிட்டாள். எதிரே கோயில் நடைக்குள் அம்மன் முகம் விளக்கில் தெரிந்தது. நான் வசனத்தைக் கூடச் சொல்லாமல் மாலையை அவர் கழுத்தில் போட்டேன்.

இனி அவர் போட வேண்டும். அவர் தட்டின் பக்கம் திரும்பினார், தன் வழக்கப்படி மெதுவாக. அதற்குள் ஓரத்தில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த வாத்தியார் பாய்ந்து வந்துவிட்டார். தோழி கையிலிருந்த தட்டைப் பிடுங்கி உள்ளே எறிந்துவிட்டு, டிரங்குப் பெட்டி மேல் கிடந்த காகித மாலையை எடுத்து ராஜா கையில் திணித்தார். "போடுய்யா, போட்டு முடி" என்றார். அவர் கையிலிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போடாதீங்க என்று நான் கண்ணால் சொன்னேன். வாயாலேயே சொல்லியிருக்கலாம். அவர் அந்தக் காகித மாலையை என் கழுத்தில் போட்டார்.

அந்தப் பசை நாற்றம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. மேடையிலேயே அழுதேன். நன்றாக நடித்தேன் என்று சிலர் சொன்னார்களாம்.

மறுநாள் விடுமுறை. கோயில் பந்தலில் இரண்டு லயத்து ஆட்களும் கூடினார்கள். இப்படி ஒரு சிக்கல் எங்கள் எஸ்டேட்டில் அதற்கு முன் வந்ததில்லை. பெண் போட்டது நிஜப் பூ, பையன் போட்டது காகிதம். இது கல்யாணமா, இல்லையா? பாதிக் கல்யாணம் என்று ஒன்று உண்டா? இரண்டு மாலைகளையும் பாயில் பரப்பி வைத்துப் பெரியவர்கள் மாறி மாறிப் பேசினார்கள். ஆண் போட்டதுதான் கணக்கு என்றார் ஒருவர். அம்மன் முன்னால் பொம்பளை போட்டால் செல்லாதா, அம்மனே பொம்பளைதானே என்றாள் கீழ் லயத்துக் கிழவி ஒருத்தி. அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசியில் கமிட்டித் தலைவர் ஒரு வழி சொன்னார்.

"மனசுதான் முக்கியம். தெரியாம நடந்திருந்தா தட்டு மாறிப்போச்சுன்னு அம்மன்ட்ட மன்னிப்புக் கேட்டு விட்டுருவோம். ரெண்டு பேரும் தெரிஞ்சே செஞ்சிருந்தா, காயிதமாவது பூவாவது, அது கல்யாணந்தான். ரெண்டு வீடும் ஒத்துக்கிடணும்." பிறகு ராஜாவைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஒரு வார்த்தை போதும். தெரியும் என்றால் நான் அவர் பெண்டாட்டி. என் அப்பாகூட, ஊர் சொன்ன பிறகு, அழுதுவிட்டுச் சரி என்றிருப்பார். ராஜா தலை குனிந்து நின்றார். பேசவில்லை. அவருடைய அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். என் அம்மா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். யாரோ இருமினார்கள். அவர் பேசவில்லை. இரவெல்லாம் நான் தூங்கியிருக்கவில்லை. கையில் திணித்ததை வாங்கிப் போட்ட மனுஷன்தானே, இப்போதும் யாராவது எதையாவது திணிக்கட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊமைக்காகவா நான் இத்தனை பேர் முன்னால் நிற்கிறேன் என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "நாந்தான் பூவ வரவச்சேன். நாந்தான் மாத்தி வச்சேன். போதுமா?"

தலைவருக்கு உயிர் வந்தது. தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "பிள்ளையே சொல்லிட்டு. பெறகென்ன, எந்திரிங்க" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். பார்த்திருந்தால் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்று நாள் கழித்து எடைக் கொட்டகையில் என் சாக்கில் ஒரு பன்னீர் ரோஜா இருந்தது. எடுத்து அவர் கண்ணெதிரே கீழே போட்டுவிட்டு வந்தேன். வேறு யாராவதாக இருந்தால் கோபத்தில் போடுகிறாள் என்று புரிந்துகொண்டு மறுபடி வந்திருப்பார்கள். இவர் ஒரு வார்த்தையை ஒரு வார்த்தையாகவே எடுத்துக்கொள்கிறவர். அதற்குப் பிறகு பூ வரவில்லை.

அத்தை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். "காயிதமோ நெசமோ, ஒருத்தனுக்கு மாலை போட்ட கை" என்று சொல்லியனுப்பினார்கள். அவனைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அப்பா அழுததுதான் வருத்தம். கீழ் லயத்தில் ராஜாவுக்கு அவசர அவசரமாக மாமன் மகளைப் பேசி முடித்தார்கள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு மாமனார் ஊரான காந்தலூருக்குக் காய்கறி விவசாயம் பார்க்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் கல்யாணத்தன்று நான் மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து மேளச் சத்தம் கேட்டது. அன்று நான் பறித்ததில் முற்றிய இலையே அதிகம் என்று திட்டு வாங்கினேன்.

அடுத்த வருஷம் என்னைப் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மனைவியை இழந்தவர், அரிசி ஆலையில் வேலை. நல்ல மனிதர். என்னிடம் குரலை உயர்த்தியதே கிடையாது. மாமியாரும் கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். மாலை மாற்றி உட்கார்ந்ததும் என் காதில், "ஏங்கண்ணு, இதாச்சும் நெசப் பூவுதானான்னு பாத்துக்கிட்டியா?" என்றாள். கதை எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு அந்த ஊரும் பழகியது, அவர்கள் பேச்சும் பழகியது. ஏனுங்க, ஊட்டுக்கு வாங்க என்று நானும் பேசத் தொடங்கிவிட்டேன். முதல் பிள்ளையும் பிறந்தது.

பிள்ளைக்கு அம்மை குத்திவிட்டுப் பாலக்காட்டிலிருந்து திரும்பும்போதுதான் ராஜாவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில், பொள்ளாச்சி பஸ் நிற்கிற இடத்தில், காலி சாக்குகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். காந்தலூர்ப் பூண்டைக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிறாராம். கொஞ்சம் கறுத்திருந்தார். அவர் பஸ் கிளம்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. என் பிள்ளையைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார். எங்கள் வீட்டைப் பற்றி நானும் அவர் வீட்டைப் பற்றி அவரும் சொல்லிக்கொண்டோம். அவருக்கு இரண்டு பெண்கள். போய்விடலாம் என்று நான் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டபோது அவர் சொன்னார்.

"அன்னைக்கு நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம், புள்ள."

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் வைத்து, என் மேலா பழி? இப்போது சொல்ல என்ன, காசா பணமா? அப்படித்தான் கேட்க வாய் எடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பழி சொல்கிற முகம் இல்லை அது.

"பொறுத்திருந்தா?" என்று கேட்டேன். "என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பஸ்ஸைப் பார்த்தார், மடித்த சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் ஒருவர் வழிவிடச் சொல்லி இடித்துக்கொண்டு போனார். பிள்ளை என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒன்றும் பேசாமல் நின்றேன்.

"தெரியும்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

பொய் சொல்ல அவருக்கு வராது, வேகமாகவும் வராது, மெதுவாகவும் வராது. நான் தலையை ஆட்டினேன். கண்டக்டர் கூப்பிட்டார், அவர் ஏறிப் போய்விட்டார். நான் என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவர் யோசித்த நேரத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு சாக்கை எடை போட்டுச் சொல்கிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் நான் அன்றைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.